கணைய நீர்க்கட்டியும் கருநிற மலமும்: அரிதான ஓர் இரத்தக்கசிவு

தார் போலக் கருத்துப் பிசுபிசுப்பாக மலம் போகிறது என்றோ, வாந்தியில் இரத்தம் வந்தது என்றோ சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வருவோரிடம் நாங்கள் முதலில் ஐயுறுவது இரைப்பைப் புண்ணையே. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கிய வலிநிவாரணி மாத்திரைகள் இரண்டாவது காரணம். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு உணவுக்குழாயில் புடைத்துள்ள சிரைகள் வெடிப்பது மூன்றாவது. இம்மூன்றையும் எண்டோஸ்கோபி பெரும்பாலும் அன்றே காட்டிக்கொடுத்துவிடும். இவை எவையும் இல்லாமலும் ஒருவருக்கு இரத்தம் கசியலாம். அவ்வாறு கசியும் இடங்களுள் ஒன்று, வயிற்றின் ஆழத்தில் ஒளிந்திருக்கும் கணையம்.

இது அரிது. கணைய நாளத்தின் வழியாகக் குடலுக்குள் இரத்தம் வருவது, செரிமானப் பாதையில் இரத்தம் கசியும் 1500 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு நேர்வது என்பதே மருத்துவ நூல்களில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவ்வளவு அரிதான ஒன்றைப் பற்றி நோயாளிகளுக்கான இதழில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இந்நோயைக் கண்டுபிடிப்பதற்கான முதல் துப்பு எந்தக் கருவியிடமும் இருப்பதில்லை. அது நோயாளியின் நினைவிலும், வீட்டாரின் நினைவிலும், பீரோவில் மடித்து வைக்கப்பட்ட பழைய மருத்துவமனைச் சீட்டிலுமே இருக்கிறது. அத்துப்பு மருத்துவரின் காதுக்கு எட்டாவிட்டால், அடுத்தடுத்துப் பல பரிசோதனைகள் செய்தும் நோய் பிடிபடாமல் போகலாம்.

மனத்திலேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் நம் திருநின்றவூர். இதயநோய் உடையோர் இருதயாலீசுவரரை நாடி எங்கெங்கிருந்தோ வருவதை நாம் பார்க்கிறோம். இதயத்திற்கு இவ்வளவு பெருமை உள்ள ஊரிலும் கணையத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவே. சர்க்கரை நோய் என்றால் இன்சுலின் என்று தெரியும். அந்த இன்சுலினைச் சுரப்பது கணையம் என்பதைப் பலர் நோய் வந்த பிறகே கேள்விப்படுகிறார்கள்.

கணையம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளமுள்ள, நாக்கைப் போன்ற தட்டையான சுரப்பி. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்காகக் கிடக்கிறது. நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட செரிமானச் சாற்றைச் சுரந்து, ஒரு நாளத்தின் வழியாக முன்சிறுகுடலில் கொண்டுசேர்க்கிறது. நாம் உண்ணும் கறியையும் பருப்பையும் எண்ணெயையும் கரைக்கும் ஆற்றல் அச்சாற்றிலுள்ள நொதிகளுக்கு உண்டு. இயல்பான நிலையில் அந்நொதிகள் குடலை அடைந்த பின்னரே வீரியம் பெறுகின்றன. கணைய அழற்சி ஏற்படும்போது அவை கணையத்துக்குள்ளேயே வீரியம் பெற்று, தம்மைச் சுரந்த உறுப்பையே அரிக்கத் தொடங்குகின்றன.

அழற்சி தணிந்த பின், கசிந்த சாறும் அழிந்த திசுவும் ஓரிடத்தில் தேங்கி நிற்கலாம். அதைச் சுற்றிலும் உடல் மெல்ல மெல்ல ஒரு நார்ச்சுவரை எழுப்புகிறது. இதற்கு நான்கு வாரங்களோ அதற்கு மேலோ ஆகும். இவ்வாறு உருவாவதே போலி நீர்க்கட்டி. உண்மையான நீர்க்கட்டிக்கு உட்புறம் தனக்கென ஒரு சவ்வு இருக்கும்; இதற்கு அது இல்லாததால் 'போலி' என்கிறோம். பெயரைப் பார்த்துவிட்டு, கட்டியே பொய் என்று எண்ணிவிடக் கூடாது.

ஸ்கேன் அறிக்கையில் 'கணையத்தில் கட்டி' என்று எழுதியிருந்தால் வீட்டில் அன்றிரவு யாரும் உறங்குவதில்லை என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே இதனையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கடும் கணைய அழற்சிக்குப் பின் வரும் போலி நீர்க்கட்டி புற்றுநோய் அன்று. அவற்றுள் பல எந்தச் சிகிச்சையுமின்றித் தாமாகவே வற்றிப்போகின்றன. வலியோ, வாந்தியோ, காய்ச்சலோ, மஞ்சள் காமாலையோ தராத கட்டியை அவ்வப்போது ஸ்கேன் செய்து கவனித்து வந்தாலே போதும். அழற்சியின் வரலாறே இல்லாதவருக்குத் தற்செயலாகத் தென்படும் கணைய நீர்க்கட்டிகள் வேறு வகையானவை. அவற்றுள் சில பின்னாளில் புற்றாக மாறக்கூடும் என்பதால் அவற்றுக்குத் தனிக் கண்காணிப்பு உண்டு. இக்கட்டுரையில் நாங்கள் பேசுவது போலி நீர்க்கட்டியைப் பற்றி மட்டுமே.

இரத்தம் எங்கிருந்து வருகிறது?

மண்ணீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி, கணையத்தின் மேல் விளிம்பை ஒட்டியே வளைந்து வளைந்து ஓடுகிறது. கணையத்தின் தலைப்பகுதியை ஒட்டி வேறு சில தமனிகள் செல்கின்றன. நொதிகள் நிறைந்த ஒரு கட்டி இத்தமனிகளில் ஒன்றின் மேல் பல வாரங்கள் சாய்ந்துகொண்டிருந்தால், தமனியின் சுவர் அரிக்கப்பட்டு நலிகிறது. சைக்கிள் டயரில் கிழிந்த இடத்தின் வழியே உள்ளிருக்கும் ட்யூப் புடைத்து வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே போல நலிந்த இடத்தில் இரத்தம் புடைத்து நிற்கிறது. இதனைப் போலித் தமனிவீக்கம் என்கிறோம். மண்ணீரல் தமனியிலேயே இது மிகுதியாக நேர்கிறது.

அந்தப் புடைப்பு வெடித்தால் இரத்தம் பல வழிகளில் பாயலாம். கட்டி கணைய நாளத்தோடு தொடர்புடையதாக இருந்தால், இரத்தம் நாளத்தின் வழியே வடிந்து முன்சிறுகுடலை அடையும். கட்டி இரைப்பையோடோ குடலோடோ ஒட்டி அதனை அரித்துவிட்டால், நேரடியாக அதற்குள் கொட்டும். வயிற்றறைக்குள் திறந்துகொண்டால் வெளியே ஒரு துளி இரத்தமும் தெரியாது. வயிறு உப்பி, நோயாளி வெளிறி மயங்குவார். இவை தவிர இன்னொரு வழியும் உண்டு. கணையத்தின் பின்புறமாகச் செல்லும் மண்ணீரல் சிரை அழற்சியினால் அடைபட்டுப்போகலாம். அப்போது இரத்தம் மாற்று வழி தேடி, இரைப்பையின் மேற்பகுதியிலுள்ள சிரைகளைப் புடைக்கச் செய்யும். கல்லீரல் முற்றிலும் நலமாக உள்ள ஒருவருக்கு இரைப்பையில் மட்டும் சிரைகள் புடைத்திருந்தால் நாங்கள் கணையத்தையே ஐயுறுவோம்.

கணைய நாளத்தின் வழியே இரத்தம் வந்த நோயாளி ஒருவரைப் பற்றி லோவர், ஃபாரல் என்னும் இரு மருத்துவர்கள் 1931-ஆம் ஆண்டில் எழுதினர். அந்நிலைக்கு 1970-இல் பெயர் சூட்டியவர் சுவீடனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் சாண்ட்ப்ளோம். இரத்தம் கலந்த கணையச் சாறு என்பதே அப்பெயரின் பொருள்.

வலி வந்து, கருத்து, வலி தணிதல்

இந்நோய்க்கு ஒரு தனி நடை உண்டு. மேல்வயிற்றில் வலி தொடங்கி, ஏறிக்கொண்டே போகும். சிலருக்கு முதுகுவரை பாயும். பிறகு திடீரென வலி தணிந்துவிடும். சில மணி நேரத்திலோ மறுநாளோ மலம் கருப்பாகப் போகும். சில நாட்கள் அல்லது வாரங்கள் ஒன்றும் இராது. மீண்டும் அதே வலி, அதே தணிவு, அதே கருமை. காரணம் இதுதான்: நாளத்துக்குள் இரத்தம் உறைந்து அடைக்கும்போது உள்ளே அழுத்தம் கூடி வலிக்கிறது, உறைந்த கட்டி நழுவி இரத்தம் குடலுக்குள் இறங்கியதும் அழுத்தம் குறைந்து வலி நீங்குகிறது. வலி நின்றது கண்டு நோயாளி ஆறுதல் அடையும் அதே நேரத்தில்தான் இரத்தம் உடலை விட்டு நீங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த இடைவெளிகளே ஆபத்தானவை. வலி நின்றுவிட்டது, மலமும் மஞ்சளாகிவிட்டது, எனவே சூட்டினால் வந்திருக்கும் என்று இளநீரும் மோரும் குடித்துவிட்டு வேலைக்குச் சென்றுவிடுவோர் உண்டு. மூலம் என்று தாமே முடிவு செய்வோரும் உண்டு. மூலத்தில் வருவது பொதுவாகச் செந்நிற இரத்தம், அதுவும் மலத்தின் மேல். தார் போன்ற கருமையும் கடும் நாற்றமும் மூலத்தின் இயல்பு அன்று. இரும்புச் சத்து மாத்திரை உண்பவர்களுக்கும் மலம் கருக்கும் என்பது உண்மையே. ஆனால் அது பிசுபிசுப்பதில்லை, தலைச்சுற்றலும் தருவதில்லை.

இன்னொரு குழப்பமும் இங்கு உண்டு. இரத்தம் கசிந்த உடனே எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவு ஏறக்குறைய இயல்பாகவே இருக்கலாம். இழந்த இரத்தத்தின் இடத்தை நீர் நிரப்பிய பிறகே அந்த எண் குறையும். அதற்குச் சில மணி நேரமாவது ஆகும். எனவே, 'இரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது' என்ற முதல் அறிக்கையை மட்டும் நம்பி வீடு திரும்ப வேண்டாம். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் அந்நேரத்தில் அதைவிட உண்மையாகப் பேசுகின்றன.

எண்டோஸ்கோபி 'நார்மல்' என்றால்

எண்டோஸ்கோபியில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் வீட்டார் மகிழ்கிறார்கள், அது இயல்பே. ஆனால் கணையத்திலிருந்து வரும் இரத்தம் விட்டுவிட்டு வருவது. பரிசோதனை நடக்கும் அந்தப் பத்து நிமிடங்களில் அது நின்றிருந்தால் குழாய்க்கு எதுவும் தெரியாது. மேலும், கணைய நாளம் திறக்கும் வாய் முன்சிறுகுடலின் பக்கச் சுவரில் இருக்கிறது. நேராகப் பார்க்கும் சாதாரண எண்டோஸ்கோபிக்கு அது எளிதில் புலப்படாது. பக்கவாட்டில் நோக்கும் கருவி தேவைப்படும். அந்த வாயிலிருந்து இரத்தம் வழிவதை நேரில் காண்பது மிகச் சில நோயாளிகளிடமே வாய்க்கிறது.

ஆகவே, கருநிற மலம் உறுதியாகியும் எண்டோஸ்கோபியில் காரணம் தெரியாதபோது, பழைய கணைய நோய் உள்ளவருக்கு அடுத்த படி இரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம். கைச்சிரையில் மருந்து செலுத்தி எடுக்கப்படும் இந்த ஸ்கேன், கட்டியையும் அதன் பக்கத்தில் புடைத்திருக்கும் தமனியையும் ஒருங்கே காட்டும். ஆஞ்சியோகிராம் என்றாலே இதயம்தான் என்று எண்ணி, 'எங்கள் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலியே இல்லையே' என்று மறுக்கும் குடும்பத்தார் உண்டு. உடலில் இரத்தக்குழாய் உள்ள எந்த இடத்துக்கும் ஆஞ்சியோகிராம் எடுக்கலாம். சிறுநீரகக் கோளாறோ, மருந்து ஒவ்வாமையோ இருந்தால் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

இந்நோயைப் பற்றிய முக்கியமான அனுபவங்களுள் சில நம் சென்னையிலேயே பதிவானவை. வடசென்னையிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இரைப்பை குடல் அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள், கணைய நாளத்தின் வழியே இரத்தம் கசிந்த 31 நோயாளிகளைப் பற்றி 2009-ஆம் ஆண்டிலும், 15 ஆண்டுக்கால அனுபவமாக 51 நோயாளிகளைப் பற்றி 2013-ஆம் ஆண்டிலும் மருத்துவ இதழ்களில் எழுதினர். உலகின் பிற பகுதிகளிலிருந்து ஓரிருவரைப் பற்றிய குறிப்புகளே பெரும்பாலும் வந்துகொண்டிருந்த நோய்க்கு இது பெரிய எண்ணிக்கை. அந்நோயாளிகளுள் பெரும்பாலோர் ஆண்கள்; நடுவயதை எட்டாதவர் பலர்.

அவர்கள் அனைவரும் மது அருந்தியவர்கள் அல்லர் என்பதைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறோம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வெப்பமண்டலக் கணைய அழற்சி என்ற ஒரு வகை நெடுங்காலமாகக் காணப்படுகிறது. சிறு வயதிலோ இளமையிலோ வயிற்றுவலியாகத் தொடங்கி, கணைய நாளத்தில் கற்கள் படிந்து, பின்னர் சர்க்கரை நோயையும் கொண்டுவருவது அது. மதுவைத் தொட்டே பாராதவருக்கும் வரும். ஸ்டான்லியில் சிகிச்சை பெற்ற பலருக்கு மூலகாரணம் அதுவே. பித்தப்பைக் கல்லினாலும் கணைய அழற்சி வரும். பெண்களிடம் அது மிகுதி.

சிகிச்சை

முதலில் உயிரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்: சிரைவழித் திரவம், இரத்தம் ஏற்றுதல், தீவிர கண்காணிப்பு. நோயாளி ஓரளவு நிலைபெற்றதும், தொடை மடிப்பிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் இடம் வரை கொண்டுசென்று, நுண்ணிய உலோகச் சுருள்களை வைத்து அந்தத் தமனியை அடைத்துவிடுகிறார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை, பெரும்பாலும் முழு மயக்க மருந்தும் வேண்டியதில்லை. இதனைச் செய்ய இரத்தக்குழாய்க் கதிரியக்கச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற மருத்துவரும் அதற்கான கூடமும் தேவை. எல்லா மருத்துவமனையிலும் இவ்வசதி இராது. 'இங்கே பார்க்க முடியாது, நகரத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்' என்று ஒரு மருத்துவர் சொன்னால் அது கைவிடுதல் அன்று. காலத்தை வீணாக்காமல் இருப்பதற்காகச் சொல்லப்படுவது.

அடைப்பு பலிக்காவிட்டாலோ, இரத்தம் கட்டுக்கடங்காமல் கொட்டினாலோ, கட்டியே வேறு தொல்லைகளைத் தந்தாலோ அறுவைச் சிகிச்சை செய்ய நேரிடும். கணையத்தின் வால்பகுதியையும் மண்ணீரலையும் சேர்த்து அகற்றுவது அவற்றுள் ஒன்று. மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்குச் சில கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் வாழ்நாள் முழுவதும் குறைந்திருக்கும். அதற்கான தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்தால் வீட்டில் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தமனி வெடித்த நிலையில் சிகிச்சையே பெறாவிட்டால் இந்நோயிலிருந்து பிழைப்பவர் மிகச் சிலரே. உரிய காலத்தில் அடைத்துவிட்டால் பெரும்பாலோர் நலமடைந்து வீடு திரும்புகிறார்கள்.

கட்டியில் உள்ள நீரை வடித்துவிடுங்கள் என்று நோயாளிகள் சிலர் எங்களை வற்புறுத்துவதுண்டு. எண்டோஸ்கோபி வழியாக வடிப்பது இன்று நல்ல சிகிச்சைதான். ஆனால் கட்டிக்குள் புடைத்த தமனி ஒன்று இருப்பது தெரியாமல் வடித்துவிட்டால், அதுவரை கட்டியின் அழுத்தத்தால் அடங்கியிருந்த இரத்தம் பீறிடக்கூடும். அதனால்தான் வடிப்பதற்கு முன் ஸ்கேனில் தமனிகளைப் பார்த்துக்கொள்கிறோம். ஒரு நாள் தாமதமாகிறதே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டார் செய்ய வேண்டியவை

கணைய அழற்சிக்காக எப்போதாவது, எந்த மருத்துவமனையிலாவது சேர்க்கப்பட்டிருந்தால், அதை அவசரச் சிகிச்சைப் பிரிவில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என்றாலும் சொல்லுங்கள். அப்போது தந்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் அறிக்கைகளையும் ஓர் உறையில் போட்டு, ரேஷன் அட்டையும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையும் வைக்கும் இடத்திலேயே வைத்திருங்கள். அவசர வேளையில் தேட நேரம் இராது.

மதுவைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனைவியோ தாயாரோ அருகில் நிற்கும்போது இக்கேள்விக்கு உண்மையான விடை கிடைப்பதில்லை என்பது எங்கள் நீண்டநாள் அனுபவம். எனவே தனியாகக் கேட்கிறோம். வீட்டார் சற்று வெளியே இருக்கும்படி சொன்னால் மனம் வருந்த வேண்டாம். சொல்வது குறிப்பேட்டைத் தாண்டி வெளியே போகாது. குடித்ததற்காக யாருக்கும் சிகிச்சையைக் குறைப்பதும் இல்லை. கணைய அழற்சி ஒரு முறை வந்தவர் மதுவையும் புகையையும் அறவே விடுவது, நாங்கள் எழுதித் தரும் எந்த மாத்திரையை விடவும் கணையத்தைக் காக்கும்.

கருமலத்தோடு மயக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, எழுந்து நின்றால் கண் இருளுதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் 108-ஐ அழையுங்கள். மயங்கும் நோயாளியை இரு சக்கர வண்டியில் இருவருக்கு நடுவே உட்கார வைத்து சி.டி.எச். சாலையில் அழைத்து வருவதை இன்றும் பார்க்கிறோம். படுக்க வேண்டிய நேரத்தில் நிமிர்த்தி உட்கார வைத்தால் மூளைக்குச் செல்லும் இரத்தம் மேலும் குறையும். மின்தொடர் வண்டியில் சென்ட்ரலுக்குப் போய்விடலாம் என்பதும் வேண்டாம். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் இடையில் இரத்தம் கொட்டினால் உதவி செய்ய அங்கு யாரும் இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை நோயாளியைப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சோடா, மோர், வலி மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம். எண்டோஸ்கோபிக்கு வெறும் வயிறே நல்லது. ஆஸ்பிரின், இரத்தம் உறையாமைக்கான மாத்திரை ஆகியவற்றை வழக்கமாக உண்பவராயின் அம்மாத்திரை அட்டையையே கையோடு கொண்டுவாருங்கள். பெயர் நினைவில்லை, வெள்ளை மாத்திரை என்பதைக் கொண்டு எங்களால் எதுவும் செய்ய இயலாது.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் முதல் சில வாரங்கள் மலத்தின் நிறத்தைக் கவனித்து வர வேண்டும். குறித்த நாளில் மறு ஸ்கேனுக்கு வர வேண்டும். வலி இல்லை என்பதற்காக அதைத் தவிர்க்கக் கூடாது. அடைத்த தமனிக்கு வேறு பக்கத்திலிருந்து இரத்தம் வந்து சேர்ந்து, புடைப்பு மீண்டும் தோன்றுவது உண்டு. பித்தப்பைக் கல் காரணமாக இருந்தால் பித்தப்பையை அகற்றும் நாளை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சர்க்கரை அளவையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். உடலில் வைக்கப்பட்ட உலோகச் சுருள் அங்கேயே இருக்கும்; அது நகர்ந்துவிடுமோ என்று அஞ்சி வீட்டு வேலைகளை விட வேண்டியதில்லை. பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், எந்த ஆண்டு எந்தத் தமனியில் சுருள் வைக்கப்பட்டது என்று எழுதியுள்ள சம்மரியை அங்குள்ள ஊழியரிடம் முன்கூட்டியே காட்டுங்கள்.